பங்கஜவல்லி கலர்

அந்த டப்பாவைக் கீழ வைக்காதீங்க தம்பி, மடியிலயே வச்சுக்கங்க. நாம உக்காந்திருக்கிறது பின்சக்கரத்துக்கு மேல. வண்டி ஒரு பள்ளத்துல இறங்கி ஏறுச்சுன்னா மூடி தெறிச்சு பேண்டெல்லாம் பெயிண்டாயிரும். எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருசம் இந்தக் கம்பெனியில ஸ்டோர் பாத்தவன் நான்.

வீட்டுக்கா? உள்சுவரா வெளிச்சுவரா? உள்சுவரு, சரி. புதுச் சுவரா, முன்னாடியே பெயிண்ட் அடிச்சதா? அடிச்சதா. அடியில என்ன இருக்குன்னு தெரியுமா? பாத்தீங்களா, தெரியாதுங்கறீங்க. கடைக்காரனும் கேட்டிருக்க மாட்டான். கலர் சீட்டை நீட்டுவான், எந்தக் கலர்னு கேப்பான், மூடியத் தட்டிக் குடுத்துருவான்.

கேக்காமலே சொல்ல வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. வீட்டுல பொம்பளைங்க நகத்துப் பாலிசை அழிக்க ஒரு தண்ணி வச்சிருப்பாங்க இல்ல, அதைக் கொஞ்சம் பழைய துணியில நனைச்சு சுவத்துல ஒரு மூலையில அழுத்தித் தேய்ங்க. துணியில கலர் ஏறுச்சுன்னா அடியில இருக்கறது தண்ணிப் பெயிண்ட், கவலையில்ல. ஏறாம பளபளன்னு அப்படியே நின்னுச்சுன்னா எனாமல். எனாமல் மேல இதை அப்படியே அடிச்சீங்க, மூணே மாசத்துல அப்பளம் மாதிரி கிளம்பும். முதல்ல உப்புத்தாளைப் போட்டு அந்தப் பளபளப்பு சாகிற வரைக்கும் தேய்க்கணும். சோப்புத் தண்ணியில கழுவி, ரெண்டு நாள் காய விட்டு, அடிப்பூச்சா பிரைமர் ஒரு கை அடிச்சிட்டு, அதுக்கு மேலதான் கலர். இவ்வளவும் சவரிமுத்து சொன்னது. நான் கேக்காதது.

சவரிமுத்து யாருன்னா, அந்தா பாருங்க, டிரைவர் தலைக்கு மேல ‘பங்கஜவல்லி துணை’ன்னு எழுதியிருக்கு பாருங்க. அந்த எழுத்து. ‘ப’வுக்குக் கீழ ஒரு வளைவு வச்சிருக்கான் பாத்தீங்களா, அது அவன் கை. பங்கஜவல்லி மோட்டார் சர்வீஸ்ல பதினோரு வண்டி ஓடுது. பதினோரு வண்டியிலயும் எழுத்து அவன் எழுத்துதான். வண்டி எழுத்து இல்லாத நாள்ல வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பான். மாங்குடிக்கு ரோடு பிரியற விலக்குல வீடு. நான் இன்னிக்கு அங்கதான் போறேன்.

கண்டக்டர் எங்கிட்ட டிக்கெட் கேக்கல, கவனிச்சீங்களா? கேக்க மாட்டாரு. நான் ரிட்டயர் ஆன அன்னிக்கே முதலாளி சொல்லிட்டாரு, நாகரெத்தினத்துக்கு ஆயுசுக்கும் டிக்கெட் கிடையாதுன்னு. அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையை நினைச்சாதான் தம்பி எனக்கு இந்த சீட்டே குத்துது.

இந்த வண்டியோட கலரை நீங்க ஏறும்போது பாத்திருப்பீங்க. பழுத்த பப்பாளியில கொஞ்சம் காவியக் கரைச்ச மாதிரி. இது கடையில கிடைக்காது. முதலாளி அவங்க அம்மா பேருல கம்பெனி ஆரம்பிச்சப்ப அவரே நின்னு கலந்தது. ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திட்டு நானும் அவரும் மட்டும் கலப்போம். எத்தனைக்கு எத்தனைன்னு மூணாவது ஆளுக்குத் தெரியாது. இந்தப் பக்கத்து ஜவுளிக்கடையில போயி ‘பங்கஜவல்லி கலர்ல சேலை எடுங்க’ன்னா எடுத்துப் போடுவான், அவ்வளவு பிரபலம். எட்டு மைல் தள்ளி நின்னு பாத்தாலும் இன்ன வண்டின்னு தெரியணும், அதான் முதலாளிக்கு.

நான் அறந்தாங்கியில வீடு கட்டினப்ப, இருபத்தோரு வருசம் முன்னாடி, பூச்சு வேலையோட கை காஞ்சு போச்சு. சுவரெல்லாம் சிமெண்ட்டா நிக்குது. அந்த வருசம் ஆறு வண்டிக்கு எஃப்.சி. எஃப்.சி.ன்னா வருசா வருசம் ஆபீசர் வந்து வண்டியப் பாப்பாங்க, அதுக்கு முன்னாடி வண்டியப் புதுசா பெயிண்ட் அடிச்சு நிறுத்தணும். அடிச்சு முடிச்சு ரெண்டு டின் மிச்சம். மிச்சம்தான் தம்பி. ஸ்டோர்ல வச்சிருந்தா காஞ்சுதான் போயிருக்கும். சைக்கிள்ல கட்டிக் கொண்டாந்து ஹால்ல அடிச்சிட்டேன். நானே அடிச்சேன். அப்ப எம்பொண்ணு மங்கைக்கு ஆறு வயசு. ‘எங்க வீடு பஸ்ஸு, எங்க வீடு பஸ்ஸு’ன்னு ஹாலைச் சுத்திச் சுத்தி ஓடும். வாயாலயே ஹாரன் அடிக்கும். எங்க வீட்டம்மா இந்திராணிதான் சோறு போடுறப்ப சுவத்தைப் பாக்காம போடுவா.

ஒரு மாசம்கூட ஆகல. ‘நாகரெத்தினம், ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வர்றேன், புது வீட்டுல ஒரு வாய் காப்பி குடிக்கணும்’னு முதலாளி சொன்னாரு. அன்னிக்குச் சாயங்காலமே சுண்ணாம்பு வாங்கி, அது வழுக்கிட்டு வழிஞ்சிரக் கூடாதுன்னு பசையைக் காய்ச்சி ஊத்தி, பளபளன்னு இருந்த பெயிண்ட் மேல அப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்தாரு. ‘வெள்ளையா, பளிச்சுன்னு வச்சிருக்கியே’ன்னு பாராட்டிட்டுப் போனாரு. மங்கை உள்ளருந்து ஓடி வந்து ஏதோ சொல்ல வந்துச்சு. நான் முறைச்ச முறைப்புல அப்படியே நின்னுருச்சு.

அதுக்கப்புறம் வருசா வருசம் பொங்கலுக்கு மேல ஒரு கை சுண்ணாம்பு. எல்லாரு வீட்டுலயும் பழசைச் சுரண்டிட்டு அடிப்பாங்க. நான் சுரண்ட விட்டதில்ல. மேலயே அடிச்சேன். இருபது பொங்கல் ஆச்சு. அடியில ஒண்ணு இருக்குன்னே எனக்கு மறந்து போச்சு. சத்தியமா மறந்துட்டேன் தம்பி.

போன சித்திரையில மங்கைக்கு மாப்பிள்ளை அமைஞ்சுச்சு. புதுக்கோட்டையில மருந்துக்கடை வச்சிருக்காங்க, நல்ல குடும்பம். நிச்சயதார்த்தம் நம்ம வீட்டுலன்னு பேச்சு. ‘அப்பா, இந்தச் சுண்ணாம்பு சாய்ஞ்சவங்க சட்டையெல்லாம் ஒட்டுது, நல்ல பெயிண்டா அடிங்க’ன்னுச்சு மங்கை. சவரிமுத்துவைக் கூப்பிட்டேன்.

அவன் வந்த உடனே முதல் கேள்வி என்ன கேட்டான் தெரியுமா? நான் உங்ககிட்ட கேட்டதைத்தான். ‘அடியில என்னண்ணே இருக்கு?’

‘சுண்ணாம்புதான்’னேன். ‘கட்டின நாள்ல இருந்து சுண்ணாம்புதான்.’

அவன் சுரண்டுற தகட்டை எடுத்து சுவத்துல ஒரு மூலையில வச்சு இழுத்துப் பாத்தான். ‘இவ்வளவு கனமா ஏறிக் கிடக்கே, முழுசாச் சுரண்டி எடுத்துரலாம்ணே. ரெண்டு நாள் கூட ஆகும், ஆனா நிக்கும்’னான். எனக்கு அந்த நிமிசந்தான் அடியில இருக்கறது ஞாபகம் வந்துச்சு. ‘வேண்டாம்பா, அந்தத் தூசி எனக்கு ஆகாது, மூச்சு இழுத்துக்கும்’னு சொன்னேன். எனக்கு மூச்சிழுப்பெல்லாம் கிடையாது தம்பி. இருமிக் காட்டினேன்.

‘மேல தேங்கா நாரை வச்சுத் துடைச்சிட்டு அடி, போதும்’னேன்.

‘நிக்காதுண்ணே’ன்னான்.

‘நான் முப்பது வருசம் பெயிண்டோட குடும்பம் நடத்தினவன், எனக்குத் தெரியாததா?’ன்னேன். அவன் அடிச்சான். இளம்பச்சை. ஹால் அப்படியே கண்ணுக்குக் குளிர்ச்சியா இருந்துச்சு. நாலே நாள்ல சன்னலோரம் ஒரு கொப்புளம். உள்ளங்கை அகலம். அடுத்த நாள் பூசை அலமாரி பக்கத்துல ஒண்ணு. புதுப் பெயிண்ட் காயறப்ப இறுக்கிப் பிடிக்குமாம், அந்த இழுப்புல சுண்ணாம்பு மொத்தமா அடியில இருக்கற வண்டி எனாமலை விட்டுட்டு வந்துரும். இதெல்லாம் பின்னாடி தெரிஞ்சுக்கிட்டது. சவரிமுத்து விரலை வச்சு அழுத்திப் பாத்தான். ‘உள்ள ஏதோ வழவழன்னு இருக்குண்ணே, ஒரு இடத்துல திறந்து பாத்துரலாம்’னான். நான் விடல. ‘நிச்சயத்துக்கு ஒம்பது நாள் இருக்கு, இப்ப போயி சுவத்தைக் கிழிக்கிறியா?’ன்னு சத்தம் போட்டேன்.

அவன் போனப்புறம் நான் என்ன பண்ணினேன்னு சொன்னா சிரிப்பீங்க. மாட்டு டாக்டர்கிட்ட பெரிய ஊசி ஒண்ணு வாங்கியாந்து, கார்ப்பெண்டர் பசையைக் கரைச்சு, கொப்புளத்துக்குள்ள ஊசி போட்டேன். போட்டு உள்ளங்கையால அமுக்கிட்டு நிப்பேன், அரை மணி நேரம். இந்திராணி அந்தப் பக்கம் போறவ இந்தப் பக்கம் வர்றவ பாத்துட்டுப் போவா. ஊசிக்கும் அடங்காததுக்கு மேல காலண்டர் மாட்டினேன். நகைக்கடை காலண்டர் ஒண்ணு, உரக்கடை ஒண்ணு, அல்வாக் கடை ஒண்ணு. மொத்தம் அஞ்சு. ஒரே ஹால்ல அஞ்சு காலண்டர். மாப்பிள்ளையோட அப்பா வந்து உக்காந்ததும் அஞ்சையும் சுத்திப் பாத்துட்டு, ‘சம்பந்தி நாள் கிழமையில ரொம்பக் கவனம் போல’ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

சிரிங்க தம்பி, பரவாயில்ல. இது வரைக்கும் சிரிக்கலாம்.

நிச்சயத்துக்கு முதலாளி வந்திருந்தாரு. எழுபத்தெட்டு வயசு, எங்கயும் போறதில்ல. எனக்காக வந்தாரு. அவருக்குன்னு சாய்வு நாற்காலி சுவத்தோரமா போட்டிருந்தேன், ஃபேன் காத்து நல்லா வர்ற இடமா. தலைக்குப் பின்னாடி அல்வாக் கடை காலண்டர். சவரிமுத்துவும் வந்திருந்தான். மங்கைதான் அவனை வரச் சொன்னது. வாசல் நிலையில ‘நல்வரவு’ எழுதுங்க மாமான்னு கேட்டுச்சாம். மங்கை சின்னதுல பஸ் ஷெட்டுல அவன் எழுத எழுதப் பக்கத்துலயே உக்காந்திருக்கும். பள்ளிக்கூடத்துல ‘ப’ எழுதச் சொன்னா கீழ ஒரு வளைவு வச்சு எழுதி வாத்தியார்கிட்ட குட்டு வாங்கும். எழுத்து பிரசெல்லாம் ஒரு துணியில சுருட்டிக் கொண்டாந்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, எழுதி முடிச்சுட்டு கடைசி வரிசையில உக்காந்திருந்தான்.

தட்டு மாத்தப் போற நேரம். முதலாளியக் கூப்பிட்டு முதல் தாம்பூலம் அவர் கையால குடுக்கணும்னு ஏற்பாடு. அவரு எந்திரிக்கிறப்ப தோள் துண்டு காலண்டர் ஆணியில மாட்டிக்கிச்சு. இழுத்தாரு. ஆணி வந்துச்சு, காலண்டர் வந்துச்சு, அதோட சுவரும் வந்துச்சு.

சத்தமே இல்ல தம்பி. ஒரு போர்வை நழுவி விழற மாதிரி அந்தப் பச்சை அப்படியே மடிஞ்சு கீழ இறங்குச்சு. கதவு அகலத்துக்கு. உள்ள பங்கஜவல்லி. இருபத்தோரு வருசமா வெயில் படாம, நேத்து அடிச்ச மாதிரி பளபளன்னு நிக்குது.

நாப்பது பேரு இருந்தாங்க. எல்லாருமே இந்த வண்டியில வந்து இறங்கினவங்க. கலர் தெரியாத ஆளு ஒருத்தர் கிடையாது. ஒரு சின்னப் பிள்ளை மட்டும் ‘பஸ்ஸு!’ன்னுச்சு. மங்கை அறை வாசல்ல நின்னுக்கிட்டிருந்துச்சு, பட்டுச் சேலையோட. அது சுவத்தைப் பாக்கல. என்னைப் பாத்துச்சு.

முதலாளி திரும்பிச் சுவத்தைப் பாத்தாரு. அப்புறம் குனிஞ்சு கீழ விழுந்த சுண்ணாம்புல ஒரு துண்டை எடுத்தாரு. கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு அந்தத் துண்டோட ஓரத்தைக் கண்ணு கிட்ட வச்சுப் பாத்தாரு. நகத்தால ஓரத்தை ஏடு ஏடாப் பிரிச்சாரு. உதடு மட்டும் ஏதோ எண்ணுற மாதிரி அசைஞ்சுச்சு. என்ன பாத்தாரோ, வயசானவரு, அவருக்குக் கண்ணும் சரியாத் தெரியாது.

நான் ஒத்துக்கிட்டிருப்பேனா மாட்டேனான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல தம்பி. அதைத் தெரிஞ்சுக்கிறதுக்குள்ள பின்வரிசையில இருந்து சவரிமுத்து எந்திரிச்சான்.

‘மொதலாளி, என் தப்பு’ன்னான். ‘வண்டிக்கு டச்சப் பண்ணக் குடுத்த பெயிண்ட் எங்கிட்ட மிச்சம் கிடந்துச்சு. அண்ணனுக்குத் தெரியாம அதை அடியில அடிச்சிட்டேன். பிரைமர் காசை மிச்சம் பிடிக்கலாம்னு. அதான் நிக்கல.’

நாப்பது பேரும் அவன் பக்கம் திரும்பினாங்க. அவன் மங்கையைப் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

அப்ப நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதைச் சொல்லித்தான் ஆகணும், இல்லன்னா இவ்வளவு நேரம் உங்க காதைக் கடிச்சதுல அர்த்தம் இல்ல. ஒத்துக்கிட்டவனை விட்டுட்டு சும்மா நின்னிருந்தாலாவது போச்சு. நான் நேரா அவன்கிட்ட போனேன். ‘திருட்டுப்பயலே’ன்னேன். ‘முதலாளி உப்பைத் தின்னுட்டு முதலாளி பெயிண்டையே திருடி எம்வீட்டுச் சுவத்துல அடிச்சியா? வெளிய போடா’ன்னேன். என் குரல் எனக்கே புதுசா இருந்துச்சு. கையைக்கூட ஓங்கிட்டேன். மாப்பிள்ளை வீட்டாரு யாரோ வந்து பிடிச்சுக்கிட்டாங்க, ‘விடுங்க சம்பந்தி, நல்ல நேரம் போகுது’ன்னு.

அவன் ஆரம்பிச்சு வச்சதை நான் முடிச்சு வைக்கணுமில்லையா? நான் சும்மா நின்னா சந்தேகம் வந்துருமில்ல? அப்படின்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். இந்திராணிகிட்டயும் சொன்னேன். அவ, ‘உங்களுக்கு அந்த நேரத்துல நிசமாவே கோவம் வந்துச்சு. நான் பாத்தேன்’னா. உண்மைதான் தம்பி. அவன் மேல எனக்கு நிசமாவே கோவம் வந்துச்சு. அதை நினைச்சாத்தான் சோறு இறங்க மாட்டேங்குது.

அவன் செருப்பை மாட்டிட்டுப் போயிட்டான். பிரசை எடுக்கல. முதலாளி அந்தச் சுண்ணாம்புத் துண்டைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, தாம்பூலத்தை எடுத்துக் குடுத்தாரு. போறப்ப என் தோள்ல கையை வச்சு, ‘பொண்ணு கல்யாணத்தை நல்லா நடத்து’ன்னாரு. அவ்வளவுதான். அவர் ஒண்ணும் கண்டுக்கலன்னு எனக்கு அப்ப உசுரு வந்துச்சு.

கல்யாணம் ஆனியில நல்லபடியா முடிஞ்சுச்சு. சவரிமுத்து அந்த நாளுக்கப்புறம் ஷெட்டுப் பக்கமே வரலையாம். முதலாளி ரெண்டு தடவை ஆளு விட்டாராம். ‘திருடினேன்னு என் வாயால சொல்லிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது’ன்னானாம். வீட்டு வேலைக்கும் கூப்பிடுறவங்க குறைஞ்சு போச்சு. ‘அவனா, அவன் அடிச்சா உரியும்’னு ஊருக்குள்ள பேச்சு. நான் சொன்ன பேச்சு இல்ல. ஆனா நான் மறுக்கவும் இல்ல.

சுவரு அப்படியே கிடக்கு. பாதி பச்சை, பாதி பஸ்ஸு. நான் வேற பெயிண்டரைக் கூப்பிட்டுப் பாத்தேன், மூணு பேரை. மூணு பேரும் வாசல்ல நின்னே ஒண்ணு போலக் கேட்டாங்க, ‘இது சவரிமுத்து அண்ணன் கை வச்ச சுவரு இல்ல?’ அவங்களுக்குள்ள ஒரு வழக்கம் தம்பி. ஒருத்தர் பாதியில விட்ட சுவத்தை இன்னொருத்தர் தொடணும்னா, விட்டவரு வந்து ‘அடிச்சுக்க’ன்னு வாயால சொல்லணும். இல்லன்னா எவ்வளவு குடுத்தாலும் தகட்டைத் தூக்க மாட்டாங்க. நானே உப்புத்தாள் வாங்கி உக்காந்து தேய்ச்சேன். ரெண்டு மாசம். தோள் கழண்டதுதான் மிச்சம், எனாமல் அப்படியே சிரிக்குது. அவ்வளவு நல்ல பெயிண்ட். நான்தானே கலந்தேன்.

ஐப்பசி பிறந்துருச்சு. இன்னும் பத்து நாள்ல தீபாவளி. மங்கைக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்து வச்சாச்சு, இந்திராணி முறுக்குக்கு மாவுகூட அரைச்சிட்டா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணி எப்ப வர்றீங்கன்னு கேட்டேன். ‘சவரிமுத்து மாமா வீட்டுக்குப் போனீங்களாப்பா?’ன்னுச்சு.

‘போகணும்மா’ன்னேன்.

‘நீங்க அவரைக் கூட்டிட்டு வந்து, எங்க வீட்டுக்காரர் முன்னாடி, அது யாரு அடிச்ச பெயிண்ட்டுன்னு சொல்லுங்க. அன்னிக்கு நாங்க வர்றோம். அதுவரைக்கும் நான் அந்த ஹால்ல வந்து உக்காந்து பலகாரம் சாப்பிட மாட்டேன்.’ ரொம்பப் பொறுமையாத்தான் சொல்லுச்சு. பச்சைப் பிள்ளையில முறைச்சு நிறுத்தினேன்ல, அது இருபத்தோரு வருசம் நின்னுருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் இன்னும் ஒரு வேளை கை நனைக்கல தம்பி எம்வீட்டுல. மறுவீட்டுக்குக்கூட உடம்பு சரியில்லன்னு சொல்லி வரல.

அதான் போறேன். இந்த மஞ்சப் பையில அவன் பிரசு. துணியோட அப்படியே வச்சிருக்கேன். மயிர் காஞ்சிரக் கூடாதுன்னு எண்ணெய் தடவித் தடவி வச்சேன்.

இது நாலாவது தடவை. நேத்தோ முந்தா நேத்தோ இல்ல, ஆவணியில இருந்து நாலாவது தடவை. முதல் தடவை விலக்கு வந்தப்ப தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன். ரெண்டாவது தடவை மழை. சின்ன மழைதான். மூணாவது தடவை படி வரைக்கும் வந்துட்டேன். டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்தான், முழங்கையில ஒரு சொட்டுப் பெயிண்ட் இல்லாம, சுத்தமா. அந்தச் சுத்தத்தைப் பாத்ததும் திரும்பி வந்து இதே சீட்டுல உக்காந்துட்டேன். புதுக்கோட்டை போயி பஸ் ஸ்டாண்டுல ஒரு காப்பியக் குடிச்சிட்டு இதே வண்டியில வீட்டுக்கு. இந்திராணி, ‘பாத்தீங்களா?’ன்னு கேப்பா. ‘ஆளு இல்ல’ம்பேன்.

அந்தா, பனைமரம் தெரியுது பாருங்க, அதுக்கு அந்தப் பக்கம் விலக்கு. தம்பி, நீங்க எங்க இறங்கறீங்க? மாங்குடி விலக்கா! அட. அங்கயேதானா வீடு? சவரிமுத்துவைத் தெரியுமா? முகம் தெரியுமா. அப்ப ஒண்ணு செய்யுங்களேன். உங்க சுவத்துக்கு ஒரு ஆளு வேணுந்தானே? அவனைக் கூப்பிடுங்க, கண்ண மூடிட்டு விடலாம். அவன்கிட்ட இந்தப் பையையும் குடுத்துருங்க. யாரு குடுத்ததுன்னு கேட்டா, பஸ்ல ஒருத்தரு குடுத்தாருன்னு சொன்னாப் போதும். பேரு வேண்டாம். பிரசைப் பாத்தா அவனுக்கே தெரியும். தெரிஞ்சா மனசு இறங்கும். இறங்கினப்புறம் நான் சாவகாசமா இன்னொரு நாள் வந்து...

என்ன தம்பி, கையை நீட்ட மாட்டேங்கறீங்க? கையில டப்பா இருக்கா. டப்பாவை நான் பிடிச்சுக்கறேன். அதுவும் வேண்டாமா?

சரி. நின்னுருச்சு. இறங்குங்க, நீங்க இறங்குங்க. நான் இன்னொரு நாள். இங்க எப்பவும் கொஞ்சம் கூடுதலாத்தான் நிக்கும், டிரைவர் டீக்குப் போவாரு போல. நாலு தடவையும் பாத்துட்டேன், இந்த ஒரு ஸ்டாப்புல மட்டும் ஆளு இறங்கினப்புறமும் நிக்கும்.

என்ன கண்டக்டர் தம்பி? விசில் குடுங்க, போலாம். ஏன் என்னையே பாக்கறீங்க?

விசில் குடுக்கக் கூடாதா? யாரு சொன்னது?

முதலாளியா? எப்ப? நிச்சயம் முடிஞ்ச மறுநாளா?

என்னன்னு சொன்னாரு? முழுசாச் சொல்லுங்க, பரவாயில்ல, இவரு நம்மாளுதான். ‘மாங்குடி விலக்குல நாகரெத்தினம் எந்திரிக்கிற வரைக்கும் வண்டிய நிறுத்தி வை. அவசரப்படுத்தாதே. இருபது பொங்கல் பொறுத்தவன், எந்திரிக்க நேரமாகும்’னாரா?

இருபதுன்னா சொன்னாரு? இருபதுன்னே சொன்னாரா?

எண்ணியிருக்காரு தம்பி. அந்தச் சுண்ணாம்புத் துண்டோட ஓரத்துல, பொங்கலுக்கு ஒரு ஏடுன்னு எண்ணியிருக்காரு. அங்க, அந்த நிமிசத்துல, நாப்பது பேருக்கு நடுவுல நின்னு எண்ணிட்டு, நான் அவனைத் திருடன்னு கத்தினதையும் கேட்டுட்டு, என் தோள்ல கையை வச்சிருக்காரு. அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கேன். டிக்கெட் கேக்காத வண்டியில உக்காந்து நினைச்சுக்கிட்டிருக்கேன்.

மிச்சம் இல்ல தம்பி. உங்ககிட்ட மிச்சம்னு சொன்னேன்ல, அது மிச்சம் இல்ல. ஸ்டோரைப் பூட்டினப்புறம் திரும்பத் திறந்து, ரெண்டு டின்னையும் சாக்கு சுத்தி எடுத்துட்டு வந்தேன்.

எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. பாக்கட்டும்.

டீக்கடையில வெள்ளைச் சட்டை போட்டு உக்காந்திருக்கிறது அவன்தானே? அவன்தான். இந்தப் பக்கம் பாக்கறான். தம்பி, நீங்க முன்னாடி இறங்குங்க. நான் பின்னாடியே வர்றேன். இல்ல, வேண்டாம், கால மட்டும் கொஞ்சம் ஒதுக்குங்க. நானே முன்னாடி போறேன்.